நிறுவனம் வளர வளரத் துணிச்சலான யோசனைகள் ஏன் வற்றிப்போகின்றன?

கேள்வி: தயாரிப்புப் பிரிவுத் தலைவர்

அனைவருக்கும் வணக்கம். கிடங்குகளுக்கான சரக்கிருப்பு மென்பொருளை உருவாக்கும் நிறுவனமொன்றில் தயாரிப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஒரே அறைக்குள் அடங்கிய குழுவாகத் தொடங்கிய நாங்கள் இப்போது நூறு பேரைத் தாண்டிவிட்டோம். விற்பனை நன்றாக இருக்கிறது. வாடிக்கையாளர்கள் விலகிப் போவதில்லை. மாதாந்திர வெளியீடுகளும் தேதி தவறாமல் நடக்கின்றன. ஆனாலும் கடந்த ஓராண்டில் வெளியிட்டவற்றைப் பட்டியலிட்டுப் பார்த்தால், அநேகமாக எல்லாமே ஏற்கெனவே இருப்பவற்றின் சிறு திருத்தங்களாகவோ பெரிய வாடிக்கையாளர் எவரேனும் கேட்டுக்கொண்ட வசதிகளாகவோதான் இருக்கின்றன. நாங்களாக நினைத்து, நடக்குமோ நடக்காதோ என்ற ஐயத்தோடு இறங்கிப் பார்த்தது என்று ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்ட முடியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பணிபுரியும் ஒருவர், திரும்பி வரும் சரக்கைப் பதிவு செய்யும் திரையில் கிடங்கு ஊழியர்கள் ஒரே பொருளை இருமுறை ஏற்றிவிடுவதைக் கவனித்தார். கையுறை அணிந்த விரலால் தொடுதிரையை அழுத்தும்போது முதல் அழுத்தம் பதிவானதா என்று தெரியாததால் அவர்கள் இன்னொரு முறை அழுத்துகிறார்கள் என்று கண்டறிந்து, அந்தத் திரையையே எடுத்துவிட்டு, பார்கோடு ஸ்கேனரையும் ஓர் ஒலிக் குறிப்பையும் கொண்டே வேலையை முடித்துவிடலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கம் டீம் லீடிடமிருந்து தயாரிப்பு மேலாளருக்கும், அவரிடமிருந்து கட்டமைப்புக் குழுவுக்கும், பிறகு காலாண்டுத் திட்டக் கூட்டத்துக்கும் போய், "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்ற குறிப்போடு, செய்ய வேண்டியவற்றின் காத்திருப்புப் பட்டியலான பேக்லாகில் தங்கிவிட்டது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. செய்யலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அதன்பின் அவரிடமிருந்து வேறு யோசனை எதுவும் வரவில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு தீர்வுகள் பேசப்படுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, ஊழியர்கள் வழக்கமான வேலையை விட்டுவிட்டுக் குறுகிய நேரத்தில் புதிய யோசனைகளுக்கு முன்மாதிரி செய்துபார்க்கும் ஹேக்கத்தான் நடத்துவது ஒன்று. கூகுளில் சொல்வதைப் போல வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஊழியரின் சொந்த முயற்சிக்கு ஒதுக்குவது மற்றொன்று. இவை உண்மையில் பயன் தருமா, அல்லது சிக்கல் வேறெங்கோ இருக்கிறதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில்: பொறியியல் மேலாளர்

நீங்கள் விவரித்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பக்கத்தை யாரும் மறுக்கவில்லை என்பதுதான். குழு சிறியதாக இருக்கும்போது யோசனை சொன்னவருக்கு அன்று மாலைக்குள் பதில் கிடைத்துவிடும். பெரும்பாலும் அது "வேண்டாம்" என்ற பதிலாகத்தான் இருக்கும் என்றாலும், காரணத்தோடு வரும்; சொன்னவர் வாதாடுவார்; அடுத்த யோசனை அந்த வாதத்திலிருந்தே பிறக்கும். நிறுவனம் வளர்ந்ததும் தடுக்கும் அதிகாரம் பலர் கைக்குப் போய்விடுகிறது, சம்மதிக்கும் அதிகாரமோ எவர் கையிலும் இல்லாமல் போய்விடுகிறது. கட்டமைப்புக் குழு தடுக்கலாம், தகவல் பாதுகாப்புக் குழு தடுக்கலாம், சட்டப் பிரிவு தடுக்கலாம். ஆனால் "செய்யுங்கள், பொறுப்பு என்னுடையது" என்று சொல்லக்கூடியவர் யார் என்று அந்த ஊழியரைக் கேட்டால் அவரால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது.

அமேசானின் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். எடுத்தபின் திரும்பி வர முடியாத முடிவுகள் ஒரு வகை. சரிப்படாவிட்டால் பழைய நிலைக்கே மீண்டுவிடக்கூடிய முடிவுகள் இன்னொரு வகை. பெரிதாகும் நிறுவனங்கள் முதல் வகைக்குரிய கனமான நடைமுறையை இரண்டாம் வகைக்கும் பயன்படுத்தத் தொடங்குகின்றன என்றும், அதனால் மந்தமும், யோசியாமலே ஆபத்தை ஒதுக்கும் பழக்கமும், போதுமான பரிசோதனை இல்லாமையும், புதியன காண்பதில் குறைவும் விளைகின்றன என்றும் அவர் சொல்கிறார். உங்கள் ஸ்கேனர் யோசனை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சம்மதிக்கும் ஒரு கிடங்கில், பழைய திரையை அப்படியே வைத்துக்கொண்டே அதைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். அதற்குக் காலாண்டுத் திட்டக் கூட்டம் தேவையே இல்லை.

எங்கள் பிரிவில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. இரண்டு பேர், இரண்டு வாரம், ஒரு சிறு தொகை, முன்வந்து சம்மதித்த ஓரிரு வாடிக்கையாளர்கள் என்ற எல்லைக்குள் அடங்கும் எதற்கும் டீம் லீடின் ஒப்புதல் மட்டும் போதும். வாடிக்கையாளரின் உண்மைத் தரவைத் தொடக்கூடாது, ஒப்பந்தத்தை மாற்றக்கூடாது என்பவை மட்டுமே நிபந்தனைகள். அடோபி நிறுவனத்தின் கிக்பாக்ஸ் திட்டம் இதே எண்ணத்தை இன்னும் துணிச்சலாகச் செய்தது: கேட்ட ஊழியர்களுக்கு ஒரு சிவப்புப் பெட்டியும் அதற்குள் 1,000 டாலர் மதிப்புள்ள அட்டையும் கொடுத்து, செலவுக்கு மேலாளரிடம் முன் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அங்கே தொகையின் அளவைவிட, "யாரிடம் கேட்பது" என்ற கேள்வியே எழாமல் போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஹேக்கத்தான் பற்றி: அட்லாசியன் நிறுவனம் 2005 முதல் 24 மணி நேர நிகழ்வாக அதை நடத்தி வருகிறது. நடத்துவதில் தவறில்லை, வெவ்வேறு பிரிவினர் பழகிக்கொள்ள அது நல்ல வாய்ப்பு. ஆனால் பரிசு பெற்ற முன்மாதிரியை மறுவாரம் எடுத்துச் செல்ல யாருக்கும் நேரம் ஒதுக்கப்படாவிட்டால், அடுத்த ஆண்டு அதே ஊழியர்கள் கேலிக்கூத்தான முன்மாதிரிகளைச் செய்து சிரித்துவிட்டுப் போவார்கள்.

பதில்: நிதிப் பிரிவிலிருந்து

ஒப்புதல் விஷயத்தில் மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அந்த "இரண்டு பேர், இரண்டு வாரம்" எங்கிருந்து வரும் என்பதுதான் என் துறையின் கேள்வி. ஐந்தில் ஒரு பங்கு நேரம் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2004ஆம் ஆண்டு கூகுள் பங்கு வெளியிட்டபோது அதன் நிறுவனர்கள் எழுதிய கடிதத்தில் அது "வழக்கமான பணிகளுக்கு மேலதிகமாக" என்றுதான் குறிப்பிடப்பட்டிருந்தது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. அங்கே நீண்ட காலம் பணிபுரிந்த மரிசா மேயரும், நடைமுறையில் அது 120 சதவீத வேலையாகத்தான் இருந்தது என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். வழக்கமான இலக்கைக் குறைக்காமல் நேரம் ஒதுக்கியதாக அறிவிப்பது, பட்ஜெட்டில் தொகை ஒதுக்காமல் செலவுக்கு அனுமதி கொடுப்பதற்குச் சமம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வேலைகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து சேரும் ஓர் இடத்தில், ஒருவர் மட்டும் அவற்றை ஒவ்வொன்றாக முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், வரிசையியல் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியின்படி, புதிதாக வரும் ஒரு வேலை சராசரியாக நான்கு வேலைகளின் நேரம் காத்திருக்க வேண்டும். 90 சதவீதம் நிரம்பியிருந்தால் அது ஒன்பது வேலைகளின் நேரமாகிறது. 95 சதவீதமானால் பத்தொன்பது வேலைகளின் நேரம். எல்லோரையும் முழுமையாகப் பயன்படுத்துகிறோம் என்று பெருமைப்படும் நிறுவனத்தில் புதிய யோசனை வரிசையின் கடைசியில் நின்றே காலாவதியாவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமல்ல. அந்த நிரப்பு விகிதமே போதும். ஆகவே, நேரத்தாள்களை எடுத்துப் பார்த்து, திட்டமிடப்பட்ட பணி எத்தனை சதவீதம் என்பதை முதலில் கண்டறியுங்கள். அது 95ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், ஹேக்கத்தானுக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு இருக்கும் வேலையில் எதையாவது நிறுத்துவது நல்லது.

இன்னொன்று, பொறுமையின் அளவு. 3எம் நிறுவனத்தில் நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த முயற்சிக்குப் பயன்படுத்தும் வழக்கம் 1948இலிருந்து இருக்கிறது என்று சொல்லி, அதனால்தான் போஸ்ட்-இட் தாள்கள் பிறந்தன என்று கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். நடந்தது இதுதான்: ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் 1968இல் மெல்ல ஒட்டி எளிதில் பிரியும் ஒரு பசையைக் கண்டுபிடித்தார். அதற்கு என்ன பயன் என்று தெரியாமலே பல ஆண்டுகள் நிறுவனத்துக்குள் எல்லோரிடமும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 1974இல் ஆர்ட் ஃப்ரை, பாடல் புத்தகத்திலிருந்து நழுவி விழும் அடையாளத் தாளுக்கு அந்தப் பசையைப் பயன்படுத்தலாம் என்று நினைத்தார். 1977இல் நான்கு நகரங்களில் வேறொரு பெயரில் விற்றுப் பார்த்தபோது அது போணியாகவில்லை. மறு ஆண்டு ஒரே நகரத்தில் மாதிரிகளை இலவசமாகக் கொடுத்தபோதுதான், பயன்படுத்திப் பார்த்தவர்கள் திரும்ப வாங்க விரும்பினார்கள். நாடு முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980இல். பன்னிரண்டு ஆண்டுக் கதையில் ஊழியரின் சொந்த முயற்சிக்கான நேரத்துக்கு இருக்கும் பங்கைவிட, தோற்ற விற்பனைச் சோதனைக்குப் பிறகு இன்னொரு சோதனைக்குப் பணம் கொடுத்தவரின் பங்கு குறைந்ததல்ல. அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது நிதிப் பிரிவில் இருப்பவனாக எனக்குச் சற்று வருத்தம்தான்.

பதில்: மனிதவளத் துறையில் இருப்பவர்

நேரமும் ஒப்புதலும் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், ஊழியர் பெரிதாக முயல்வாரா என்பது பணி மதிப்பீட்டுக்கான அப்ரைசல் படிவத்தைப் பொறுத்தது. எட்டக்கூடிய ஐந்து இலக்குகளை எட்டியவருக்கு முழு மதிப்பெண்ணும், கடினமான ஒன்றை எடுத்துப் பாதி தூரம் போனவருக்குப் பாதி மதிப்பெண்ணும் கிடைக்கும் இடத்தில், அறிவுள்ள எவரும் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுப்பார். இதைத் துணிச்சலின்மை என்று குறை சொல்வது நியாயமாகாது.

இன்டெலில் ஆண்டி குரோவ் உருவாக்கிய ஓகேஆர் முறையை (இலக்குகளையும் அவற்றை அளக்கும் முக்கிய விளைவுகளையும் எழுதிவைக்கும் முறை) முதலீட்டாளர் ஜான் டோயர் 1999இல் கூகுளுக்கு எடுத்துச் சென்றார். அங்கே உயர்ந்த இலக்குகளுக்கு 0.6 முதல் 0.7 வரையிலான மதிப்பே நல்ல விளைவாகக் கருதப்படுகிறது, எப்போதும் முழு மதிப்பான 1.0 வாங்கும் குழு இலக்கைத் தாழ்வாக வைத்திருக்கிறது என்றுதான் பொருள்கொள்ளப்படுகிறது. அந்த மதிப்பெண்ணை ஊழியரின் மதிப்பீட்டோடு நேரடியாக இணைக்கக் கூடாது என்பதும் அந்த முறையின் பகுதி. பல நிறுவனங்கள் படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த நிபந்தனையை விட்டுவிடுகின்றன. பிறகு போனஸ் அதோடு கட்டப்பட்டதும் ஆறே மாதத்தில் எல்லோருடைய இலக்கும் உறுதியாக முடியக்கூடியதாகச் சுருங்கிவிடுகிறது.

பேசுவதற்கான பயம் தனி விஷயம். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்து வழங்கும் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான எண்ணிக்கையோ அந்தக் குழுக்களில்தான் கூடுதலாக இருந்தது. பிழையைப் பற்றி வாய்திறக்க அங்கே தயக்கம் இல்லாததே அதற்குக் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1999இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இந்த உளப் பாதுகாப்பு உணர்வுக்கும் குழுக்கள் கற்றுக்கொள்வதற்கும் உள்ள தொடர்பை ஓர் உற்பத்தி நிறுவனத்தின் குழுக்களைக் கொண்டு காட்டியது. உங்களிடம் தோல்வி அறிக்கைகளே வருவதில்லை என்றால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டத்தில் செய்யக்கூடிய ஒரு சிறு மாற்றம்: எந்த யோசனையைப் பற்றியும் முதலில் எல்லோரும் தனித்தனியே நான்கு வரி எழுதட்டும், பணியில் மிக இளையவர் முதலில் படிக்கட்டும், தலைமையில் இருப்பவர் கடைசியில் பேசட்டும். மேலிடத்தின் கருத்து முதலில் தெரிந்துவிட்டால், அதன்பின் வருவதெல்லாம் அதற்கான பக்கவாத்தியமாகிவிடும்.

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர்

மூவரும் சொன்னவை சரியே. இருந்தாலும், யோசனைகள் வரவேண்டும் என்பதிலேயே எல்லோரும் நிற்கிறீர்கள். நான் பார்த்தவரை யோசனை இல்லாமல் கெட்ட நிறுவனத்தைவிட, யோசனையைக் கையில் வைத்துக்கொண்டே கெட்ட நிறுவனம்தான் அதிகம்.

கோடக்கில் ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர் 1975இலேயே டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்துகாட்டினார். 0.01 மெகாபிக்சல் அளவுள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை அது ஒலிநாடாவில் பதிவுசெய்ய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அவருக்குச் சுதந்திரம் இருந்தது, கருவிகள் இருந்தன, காப்புரிமையும் பெறப்பட்டது. ஆனால் அந்த நிறுவனத்தின் லாபத்தின் பெரும்பகுதி ஃபிலிமிலும் அதைக் கழுவிப் படமாக அச்சிடுவதிலும் இருந்தது. 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்புக் கோரியது.

ஜெராக்ஸ் கதை இன்னும் பயனுள்ளது, ஏனெனில் அதில் வெற்றியும் தோல்வியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 1970இல் தொடங்கிய அதன் பார்க் ஆய்வகம், 1973இல் வரைகலைத் திரையும் மவுஸும் கொண்ட ஆல்டோ கணினியை உருவாக்கியது. அதன் பெரும்பயனை அடைந்தவர்களோ வேறு நிறுவனத்தார். அதே நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் அச்சுப்பொறியைப் பற்றி யோசித்தபோது, அவர் முதலில் இருந்த ஆய்வகத்தின் மேலதிகாரி அதை விரும்பவில்லை. 1971இல் அவர் பார்க்குக்கு இடம் மாறினார். 1977இல் ஜெராக்ஸ் 9700 சந்தைக்கு வந்து நிறுவனத்துக்கு மிகப் பெரிய வருவாயைத் தந்தது. ஒன்று பிழைத்து மற்றொன்று பிழைக்காததற்கு என் விளக்கம் இதுதான்: காகிதத்தில் பக்கங்களை அச்சிட்டுத் தள்ளும் இயந்திரத்தை விற்க அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்குத் தெரியும், கணினியை விற்க அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. நாற்றங்காலில் எவ்வளவு செழித்தாலும், நடவுக்கு வயலை உழுது வைத்தவர் யாரும் இல்லாவிட்டால் நாற்று முற்றித்தான் போகும்.

ஆகவே, தனிக் குழு அமைக்கலாமா என்று யோசிப்பவர்கள், அந்தக் குழுவின் பணி முடிந்ததும் அதை எந்தப் பிரிவு ஏற்றுக்கொள்ளப் போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஏற்கப் போகும் பிரிவைச் சேர்ந்த ஒருவராவது அதில் முதல் நாளிலிருந்து இருக்க வேண்டும். லாக்ஹீட் நிறுவனத்தின் ஸ்கங்க் வொர்க்ஸ் குழு 1943இல் ஒரு ஜெட் போர் விமானத்தின் முன்மாதிரியை 143 நாட்களில் முடித்ததைத் தனிக் குழுவுக்குச் சான்றாகச் சொல்வார்கள். அங்கே வாங்கப்போகிறவர் யார் என்பது முதல் நாளே தெரியும். போரில் இருந்த விமானப்படை அது. உங்கள் குழுவுக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் காத்திருக்கிறாரா?

நூறு பேரும் எப்போதும் புதுமை படைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மாதாந்திர வெளியீட்டைத் தேதி தவறாமல் தருவதும் கடினமான வேலைதான். அதைச் செய்பவர்களை இரண்டாம் தரமாகப் பார்க்கும் சூழல் வந்துவிட்டால், இருப்பதும் கெட்டுவிடும்.

கேட்டவரின் மறுமொழி

நால்வருக்கும் நன்றி. இந்த வாரம் திட்டமிட்ட பணியின் விகிதத்தைக் கணக்கெடுத்தோம். நிதிப் பிரிவு நண்பர் அஞ்சிய அளவுக்கே இருக்கிறது. ஆகவே அடுத்த காலாண்டில் இரண்டு வசதிகளைத் தள்ளிவைத்துவிட்டு, சிறு சோதனைகளுக்கான எல்லையை டீம் லீடுகளிடமே விட நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. உதவிப் பிரிவு ஊழியரிடமும் பேசினேன். முதலில் அவர் கேட்டது, சோதனை பலிக்காவிட்டால் அது தன் பெயரில் எப்படிப் பதிவாகும் என்பதைத்தான். எனக்கு எழும் ஐயமும் அதை ஒட்டியதே. தொடங்குவது எளிதாகிவிட்டால் முடிவுக்கு வராத சோதனைகள் பெருகிவிடாதா? எப்போது நிறுத்துவது, அதை யார் சொல்வது?

பதில்: பொறியியல் மேலாளர்

நிறுத்துவதற்கான அளவுகோலைத் தொடங்கும் முன்பே, சோதனையைச் செய்பவரே எழுதிவைக்க வேண்டும். பாதியில் எழுதினால் அது ஏற்கெனவே கிடைத்த முடிவுக்கு ஏற்ப வளைந்துவிடும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் எக்ஸ் ஆய்வகத்தில் கடல்நீரிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஃபாக்ஹார்ன் என்ற திட்டம் இருந்தது. தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் ஒரு கேலன் பெட்ரோலுக்கு ஈடான எரிபொருளைக் குறித்த காலத்துக்குள் 5 டாலருக்குக் கொண்டுவர முடியாது என்று கணக்கு காட்டியதால், 2016இல் அந்தக் குழுவே அதை முடித்துக்கொண்டது. அந்த ஆய்வகத்தின் தலைவர் ஆஸ்ட்ரோ டெல்லர், தங்கள் திட்டத்தைத் தாங்களே முடித்துக்கொள்ளும் குழுக்களுக்குப் பாராட்டும் போனஸும் தருவதாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உங்களால் போனஸ் தர முடியாவிட்டாலும், அப்ரைசல் படிவத்தில் "முன்பே எழுதிய அளவுகோலின்படி நிறுத்தப்பட்டது" என்பதை "வெற்றி", "தோல்வி" இரண்டுக்கும் அப்பாற்பட்ட தனி வகையாகச் சேர்க்க முடியும்.

ஸ்கேனர் சோதனைக்கு அது இப்படி இருக்கலாம்: இரண்டு வாரத்தில் இரட்டைப் பதிவுகள் பாதிக்கு மேல் குறையவில்லை என்றாலோ, ஒரு பொருளைப் பதிவு செய்ய ஆகும் நேரம் பழைய திரையைவிடக் கூடிவிட்டாலோ நிறுத்திவிடுவது. பழைய திரையில் இரட்டைப் பதிவுகள் எத்தனை, ஒரு பொருளுக்கு எவ்வளவு நேரம் என்பதைச் சோதனைக்கு முன்பே அதே கிடங்கில் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எந்த அளவுகோலும் பேச்சளவில்தான் நிற்கும். நிறுத்தும் முடிவை ஊழியர் சொல்லட்டும், டீம் லீட் ஒப்புக்கொள்ளட்டும். இருவரும் வேறுபட்டால் மட்டும் உங்களிடம் வரட்டும். சோதனைக்காக எழுதிய நிரலை முதன்மைத் தொகுப்பில் சேர்க்காமல் தனியே வைத்து, நிறுத்தியதும் நீக்கிவிடச் சொல்லுங்கள். பிறகு உதவும் என்று வைத்துக்கொண்டால், அதைப் பராமரிக்கும் வேலை அடுத்த ஆண்டு திட்டமிட்ட பணிக்குள் நுழைந்து, நீங்கள் இப்போது விடுவித்த நேரத்தைத் தின்றுவிடும்.